பள்ளிக்கூடம் விட்டு வீட்டிலிருந்து வேலை: மூன்று மணி நேரம் மிஞ்சுமா?

ஜூன் 4, கேள்வி

11 வருடமாக ஆசிரியர் வேலை. அடுத்த மாதம் விடுகிறேன். வீட்டிலிருந்தே பாடம் எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பயணம் மிச்சம், தொண்டை கிழியக் கத்த வேண்டாம், விடைத்தாள் கட்டு இல்லை. ஒரு நாளில் குறைந்தது 3 மணி நேரம் கையில் நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஏற்கெனவே மாறியவர்கள் சொல்லுங்கள், கணக்கு சரியா?

ஜூன் 4, இரவு

விடை சரி, வழிமுறை தவறு. 17 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன், ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை. ஒன்றரை வருடமாக வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாடம் எழுதுகிறேன். 3 மணி நேரம் மிஞ்சுவது உண்மைதான். ஆனால் அது ஒரே கட்டாக வந்து சேராது. காலையில் 10 நிமிடம், பதினொரு மணிக்கு 6 நிமிடம், மதியம் ஒரு கால் மணி என்று சில்லறையாக வரும். சில்லறையை அப்போதே எடுத்து வைக்காவிட்டால் சாயங்காலம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

ஜூன் 5

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நேரத்தைவிட அதுதான் முதலில் என்னைப் பிடித்தது.

வகுப்பின் நடுவில் வெளியே போக முடியாது என்பதால் ஆசிரியர்கள் பலர் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. நானும் அப்படித்தான். இரண்டு மடக்கு குடித்தால் மதிய இடைவேளை வரை தாங்கும். வீட்டில் கழிவறை பத்தடி தூரத்தில் இருக்கிறது, யாரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. இருந்தும் முதல் இரண்டு மாதம் அதே இரண்டு மடக்கிலேயே இருந்தேன். பதினொன்றரைக்கு நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கும். திரையைப் பார்ப்பதால் என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் போனேன். பவர் மாறவில்லை என்றார். அப்புறம் "காலையிலிருந்து என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கிறது. மதியத்துக்குள் காலியாக வேண்டும். அந்த வலி ஒரு வாரத்தில் குறைந்தது. நீங்கள் இன்னும் ஒரு மாதம் பள்ளியில் இருக்கப் போகிறீர்கள், முடிந்தால் இப்போதே பழக்கத்தை மாற்றத் தொடங்குங்கள். உடம்பு ராஜினாமா கடிதத்தைப் படிப்பதில்லை.

ஜூன் 5, மாலை

கழுத்து வலிக்கு ஒரு வழி. லேப்டாப்பை ஐந்து தடிமனான புத்தகங்களின் மேல் தூக்கி வைத்துவிட்டேன். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். மூன்று நாளில் வலி போயிற்று. செலவு எதுவும் இல்லை. இன்றே செய்யுங்கள்.

ஜூன் 8

மணி இல்லாமல் நாளை எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பள்ளியில் இருந்தவரை மணியின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு தேற்றம் பாதியில் நிற்கும், பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபட ஆரம்பிக்கும், அந்த நேரம் பார்த்து மணி அடிக்கும். எத்தனையோ நல்ல வகுப்புகளை அது நடுவில் அறுத்திருக்கிறது. ஆனால் அதே மணிதான் மோசமான வகுப்புகளையும் முடித்துவைத்தது. என்ன சொல்லியும் ஏறாத நாளிலும் 40 நிமிடத்தில் கதவு திறக்கும், அடுத்த அறையில் வேறு முகங்கள், புதிதாகத் தொடங்கலாம். வீட்டில் ஒரு பத்தி சரியாக வரவில்லையென்றால் அது காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை கூடவே வருகிறது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்கிறது. படுக்கும்போது காதில் ஓடுகிறது.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை உண்டு. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது. இரண்டு வாரம் முயன்றேன். எனக்கு ஒத்துவரவில்லை. வருகை எடுத்து, வீட்டுப்பாடம் பார்த்து, பாடத்துக்குள் நுழைந்து சூடு பிடிக்கும் இடம்தான் 25ஆவது நிமிடம். 17 வருடமாக உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. அதனால் 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஆறு பீரியட். போனில் மணி ஓசை.

ஜூன் 12

ஜூன் 5 மாலை எழுதியதைத் திருத்த வேண்டும். புத்தகங்களின் மேல் லேப்டாப்பை வைத்தால் கழுத்துக்கு நல்லது, மணிக்கட்டுக்குக் கெடுதல். அதன் கீபோர்டிலேயே தட்டினால் கை தூக்கிய நிலையில் மடங்கி நிற்கும். எனக்கு மூன்றாவது வாரத்தில் வலது மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. தனி கீபோர்டு, தனி மவுஸ் இரண்டும் வேண்டும், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். "செலவு எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தேன். இருக்கிறது. யாராவது அதை நம்பிப் புத்தகங்களை மட்டும் அடுக்கியிருந்தால் மன்னியுங்கள்.

கண்ணைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைகிறது, அதனால்தான் எரிச்சல். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். 20 அடி என்றால் ஆறு மீட்டர். அளந்து பார்த்தேன். என் மேசையிலிருந்து எதிர்ச் சுவர் இரண்டரை மீட்டர்தான். வகுப்பில் கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு அநேகமாக அந்த ஆறு மீட்டர் இருந்திருக்கும். கையிலிருக்கும் நோட்டையும் கடைசி பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கண்ணுக்குத் தேவையான பயிற்சி தானாக நடந்திருக்கிறது. இப்போது அதற்காக எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜூன் 15

"வீட்டிலிருந்து செய்தால் வேலை அதிகமாக நடக்கிறது என்று ஆராய்ச்சியே இருக்கிறது, நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு:

பயமுறுத்தவில்லை. நீங்கள் சொல்லும் ஆராய்ச்சியை நானும் வேலையை விடுவதற்கு முன் தேடிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் சீனாவில் ஒரு பயண முன்பதிவு நிறுவனத்தில் நடத்தியது. தொலைபேசியில் பேசும் பிரிவில் விருப்பம் தெரிவித்தவர்களில் ஒரு பாதியை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். அவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. பெரும் பங்கு எப்படி வந்தது என்றால், இடைவேளையும் விடுப்பும் குறைந்து, வேலை செய்த நிமிடங்களே கூடியதால். இதோடு நிறுத்திவிட்டால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று.

அவர்களாவது நாள் முழுக்க யாரோ ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள்.

ஜூன் 16

குரல். இது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பீரியட் பேசினால் எத்தனை மோதல் என்று பெருக்கிப் பாருங்கள். எட்டாவது வருடத்திலிருந்து எனக்கு வாரக் கடைசியில் குரல் கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சைகையில்தான் பேசுவேன். என் மகள் சிறு குழந்தையாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் அம்மா பேசமாட்டாள் என்பதை ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

வேலையை விட்டு மூன்றாவது மாதம் ஒரு நாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரும்பி, "அம்மா, உன் குரல் இப்படி இருக்குமா?" என்று கேட்டாள். 13 வயதுப் பெண். அதுவரை அவள் கேட்டதெல்லாம் பள்ளிக்குக் கொடுத்தது போக மீதி. வேலை மாறியதில் எனக்குக் கிடைத்தவற்றில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வீடியோ காலில் மட்டும் பழைய குரல் வந்துவிடும். "கொஞ்சம் மெதுவா பேசலாமா மேடம்" என்று ஒரு மீட்டிங்கில் சொன்னார்கள். பழக்கதோஷம் என்று நினைத்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்ததில் வேறு காரணமும் இருக்கிறது. காதில் இரைச்சல் விழுந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம், இரைச்சல் நின்றதும் குரல் தானாக இறங்குகிறது. பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லம்பார்ட் இதைப் பற்றி 1911இல் எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. 40 பிள்ளைகள் இருக்கும் அறையில் நடப்பது அதுதான்: அவர்கள் சத்தம் கூட நம் சத்தம் கூட, நம் சத்தம் கேட்டு அவர்கள் சத்தம் இன்னும் கூட. இரண்டு காதையும் அடைக்கும் ஹெட்செட் போட்டால் வேறு விதமாக அதே விளைவு, நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காமல் உயர்த்திவிடுகிறோம். ஒரு காதை மட்டும் திறந்து வைத்தேன். குரல் இறங்கிவிட்டது.

ஜூன் 21

இன்றைக்கு மனம் சரியில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவர் இன்னும் பத்து நாளில் வேலையை விடுகிறார் என்பதால் எழுதிவிடுகிறேன்.

பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து 1968இல் எழுதினார்: ஓர் ஆசிரியருக்கு ஒரு நாளில் மனிதர்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் 1,000 வரை போகும். ஒரு தலையசைப்பு, ஒரு "உட்காரு", ஒரு நோட்டில் டிக், தோளில் ஒரு தட்டு, எல்லாம் சேர்த்து. படித்தபோது மிகையாகத் தோன்றியது. அப்புறம் ஒரே ஒரு பீரியடை நினைவிலிருந்து எண்ணிப் பார்த்தேன், மிகையில்லை.

நேற்று வீட்டில் எண்ணினேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, மெசேஜையும் சேர்த்து, பதினொன்று. அதில் நான்கு அம்மாவோடு. மாலை நான்கு மணிக்கு யாரோ போன் செய்தார்கள், எடுத்து "ஹலோ" என்றபோது குரல் கரகரத்தது. அதுதான் மதியத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் சொல்.

இன்னொன்றும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மூத்த ஆசிரியை எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணு, அதற்குள் வாயைத் திறக்காதே. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களில் இதைப் பதிவு செய்து அளந்திருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, தெரியாது என்று சும்மா இருப்பவர்கள் குறைகிறார்கள், வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் கை தூக்குகிறார்கள். மூன்றே விநாடி. ஆனால் வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு அது எவ்வளவு நீளம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். அந்த மூன்று விநாடியைப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

இப்போது ஒரு பாடத்தை எழுதி அனுப்பினால் பதில் வர மூன்று நாள் ஆகிறது. சில சமயம் எட்டு நாள். அதற்குள் நூறு தடவை மெயிலைத் திறந்து பார்க்கிறேன். பிடிக்கவில்லையோ, தப்பு இருக்கிறதோ, இதோடு நிறுத்திவிடுவார்களோ என்று ஓடுகிறது. கடைசியில் "ஓகே" என்று ஒரு சொல் வரும். போன வாரம் அனுப்பியதற்கு இன்னும் அதுவும் வரவில்லை.

ஜூன் 22

நேற்று எழுதியதை மறுபடியும் படித்தேன். காத்திருப்பதுதான் கஷ்டம் என்பது போல எழுதிவிட்டேன். சரியில்லை. வகுப்பில் அந்த மூன்று விநாடியும் என் எதிரில் நாற்பது முகங்கள் இருந்தன. ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை மடக்குவான், ஒருத்தி பதிலை எழுதிவிட்டு யாரும் பார்க்காமல் கையால் மறைத்துக்கொள்வாள். வாயால் ஒருவரும் பேசவில்லையே தவிர, எனக்குப் பதில் வந்துகொண்டேதான் இருந்தது. எங்கே புரியவில்லை என்று தெரிந்து அடுத்த வாக்கியத்தை மாற்றுவேன். அந்த முகங்கள் இல்லாமல் எழுதுவதுதான் கஷ்டம். பதில் தாமதமாவதை ஒரு வழியாகத் தாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 22, மதியம்

"ஓகே" வந்துவிட்டது.

ஜூன் 29

வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள், கேள்வி ஒன்றுதான்: வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறோம் என்று நினைக்கிறார்களே, என்ன செய்வது?

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். "வீட்லதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்பது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வரும். கோபப்பட்டிருக்கிறேன். கதவைச் சாத்தியிருக்கிறேன். சாத்திய கதவுக்கு வெளியே அவர் தயங்கி நிற்பது நிழலில் தெரியும், அது அதைவிட மோசம்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் இருந்த 17 வருடத்தில் பீரியட் நடக்கும் நேரத்தில் அம்மா ஒரு தடவைகூட எனக்குப் போன் செய்ததில்லை. என் டைம்டேபிள் அவருக்கு மனப்பாடம். அப்படியானால் அவருக்குத் தெரிந்த மொழியில் நான்தான் சொல்லவில்லை. ஒரு தாளில் ஆறு பீரியட், நடுவில் இடைவேளை என்று எழுதிச் சமையலறையில் ஒட்டினேன். அன்றிலிருந்து இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இப்போது யாராவது என்னைத் தேடி வந்தால் வாசலிலேயே, "மூணாவது பீரியட் நடக்குது, பத்து நிமிஷம் உக்காருங்க" என்கிறார். அவர் குரலில் ஒரு பெருமை தெரிகிறது. மகள் டீச்சர் என்று சொல்லிக்கொள்வது அவருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை நான் வேலையை விடும்போது யோசிக்கவே இல்லை.

மற்றவர்களுக்கு இந்த வழி சரிப்படுமா தெரியாது. வேலையின் நேரத்தை அவர்கள் ஏற்கெனவே மதித்த வடிவத்தில் சொல்லிப் பாருங்கள்.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் நேற்று வேலையை விட்டுவிட்டாராம். பிள்ளைகள் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார். வாழ்த்துகள். கொஞ்சம் சிரிக்க ஒன்று சொல்கிறேன்.

பின்ன வகுத்தல் எவ்வளவு தொல்லை பிடித்தது என்று கணக்கு டீச்சர்களுக்குத் தெரியும். வகுத்தால் எண் சிறியதாக வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அரையைக் காலால் வகுத்தால் 2 வரும் என்றால், பாதியைவிட விடை எப்படிப் பெரிதாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தலைகீழாக்கிப் பெருக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது பதிலாகாது. நான் எப்போதும் இப்படித்தான் கேட்பேன்: "அரையில் எத்தனை கால் இருக்கு?"

ஏழாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்று, இரண்டு. ஒரு பையன் எழுந்தான். "ரெண்டு மிஸ்! எல்லாருக்கும் ரெண்டுதான்!" என்று சொல்லித் தன் இடுப்பையும் இரண்டு கால்களையும் காட்டினான். அரை என்றால் இடுப்பு, கால் என்றால் கால். வகுப்பே உருண்டது. விடை சரி! இரண்டு அர்த்தத்திலும் சரி. 17 வருடம் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். முக்காலில் எத்தனை கால்? மூன்று, முக்காலியைப் பாருங்க மிஸ். சரி, அரையில் எத்தனை அரைக்கால்? "அரைக்கால் டவுசரா மிஸ்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அரையில் அது நான்கு இருக்கும் என்று அந்தச் சிரிப்பினூடே கண்டுபிடித்தார்கள். அந்த வகுப்பில் பின்ன வகுத்தல் யாருக்கும் மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூலை 7

மேலே சொன்னதை இப்போது எழுதும் பாடத்திலும் சேர்த்தேன். முதல் தடவை நானே நகைச்சுவையை விளக்கி எழுதினேன். திருத்துபவர் ஓரத்தில் "இது தேவையா?" என்று குறித்து அனுப்பினார். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது அவர் கேட்டது சரியென்று பட்டது. அந்தப் பையன் சொன்னதால்தான் அது மலர்ந்தது. நான் விளக்கினால் செத்துப்போகிறது. படத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான், பக்கத்தில் "அரையில் எத்தனை கால்?" என்ற கேள்வி. அவ்வளவே போதும் என்று மாற்றினேன். கண்டுபிடிப்பதைப் படிக்கும் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும்.

ஜூலை 10

"2020இல் எல்லா ஆசிரியர்களும்தான் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம், இதில் புதிதாக என்ன?" என்று ஒருவர்.

நானும் அப்படித்தான் நம்பி வந்தேன். அந்த ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டதால் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்தப் பெரிய கூட்டத்தில் என் பிள்ளைகளும் இருந்தார்கள். கேமராவை அணைத்துவிட்ட கறுப்புக் கட்டங்களைப் பார்த்து இருபடிச் சமன்பாடு நடத்தினேன். ஆனால் அது பள்ளியின் வேலை, பள்ளியின் டைம்டேபிள், முடிந்தால் திரும்பிப் போக ஒரு கட்டடம் இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் எண்ணமும் அந்த ஆண்டு பிறந்ததில்லை. ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1973லேயே அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, மனிதர்கள் பயணம் செய்வதற்குப் பதில் வேலை பயணம் செய்யட்டும் என்று வாதிட்டார்.

வீடியோ மீட்டிங்கில் ஏன் இவ்வளவு களைப்பு என்பதற்கு ஸ்டான்ஃபோர்டின் ஜெரிமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்கள் சொன்னார். அதில் ஒன்று, நம் முகத்தை நாமே நாள் முழுக்கப் பார்ப்பது. 17 வருடம் பாடம் நடத்தும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. நம் படத்தை நமக்கு மட்டும் மறைத்துவைக்க ஒரு வசதி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ஜூலை 13

பணமும் விடுமுறையும். சுருக்கமாக.

மாதம் பிறந்தால் சம்பளம் என்று 17 வருடம் பழகியவருக்கு, பாடத்துக்கு இவ்வளவு என்று பில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வேறு வாழ்க்கை. ஒரு தடவை இரண்டரை மாதம் தள்ளித் தந்தார்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தது என்னைக் காப்பாற்றியது. வேலை ஒப்புக்கொள்ளும்போதே எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பள்ளி விடுமுறை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். ஒரே சமயத்தில் எல்லோரும் மூச்சு விடுவோம். இப்போது விடுப்பு எடுத்தால் நான் மட்டும் எடுக்கிறேன், வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வருடம் மகளின் முழு விடுமுறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். இந்த வருடம் இரண்டு வாரம் முன்கூட்டியே சொல்லி நிறுத்திவைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன வருடமே கேட்டிருக்கலாம்.

ஜூலை 20

கேள்வி கேட்டவர் வீட்டு வேலையின் இரண்டாவது வாரத்தில் இருக்கிறார். "மதியம் மூன்று மணிக்கு மனசு வெறுமையாகிறது, திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது" என்கிறார்.

மூன்று மணி. உங்கள் பள்ளியில் அந்த நேரத்தில் என்ன நடக்கும்? எனக்கு அது கடைசி பீரியட். பையை மூடிவைத்துக்கொண்டு மணிக்காக ஒரு காதைத் திறந்து வைத்திருப்பார்கள். பாடம் நடக்காது என்பதால் புதிர் போடுவேன். நாளின் சிறந்த நேரம் அதுதான். முதல் வருடம் முழுவதும் எனக்கும் மூன்று மணிக்கு ஒரு பள்ளம் இருந்தது. இப்போது அந்த நேரத்தில் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் பள்ளி விட்டு வந்ததும் நான்கு மணிக்கு இங்கே வருகிறாள். அன்றைக்கு எழுதியதை அவளிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறேன். எந்த வரியில் புருவம் சுருங்குகிறதோ அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு. மூன்று மணிக்கு அவள் வருவதற்கான தயாரிப்பு நடக்கும். ஒரு முகம் நாற்பதுக்கு ஈடாகாது. ஆனால் பாடம் மாறிவிட்டது, திருத்துபவரே கேட்டார், என்ன செய்கிறீர்கள் என்று.

திரும்பிப் போவது தோல்வி இல்லை. அந்தச் சீன நிறுவனத்தில் பாதிப் பேர் போனார்கள். ஆனால் இரண்டாவது வாரத்தில் முடிவு எடுக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் தண்ணீர் குடிக்கவே உடம்பு பழகியிருக்காது.

ஜூலை 27

ஜூன் 8இல் போனில் மணி வைத்ததாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பள்ளி மணி ஓசையையே வைத்திருந்ததால், அடித்ததும் நடு வாக்கியத்தில் எழுந்து நின்றுவிடுகிறேன். அதிராமல் ஒளி மட்டும் மினுக்கும் டைமர் போதும். 40 நிமிடக் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 3

பின்ன வகுத்தல் பாடத்தைக் குரல் பதிவாகவும் செய்கிறார்கள். நான் எழுதிக்கொடுத்ததில், "அரையில் எத்தனை கால்?" என்ற கேள்விக்குப் பிறகு "இங்கே 3 விநாடி மௌனம்" என்று குறித்திருந்தேன். பதிவு வந்தது. கேள்வி முடிந்த கணத்திலேயே விடை. எடிட் செய்தவருக்கு அந்த இடம் பதிவில் விழுந்த ஓட்டையாகத் தெரிந்திருக்கிறது, வெட்டிவிட்டார்.

ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்த மூன்று விநாடியில்தான் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தன் காலைக் குனிந்து பார்க்கும், அதை வெட்டினால் பாடத்தையே வெட்டியதாகும் என்று. பக்கத்து வீட்டுப் பெண் குனிந்து பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்றும் எழுதினேன்.

ஆகஸ்ட் 9

திருத்திய பதிவு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டு விநாடி விட்டிருக்கிறார்கள். அடுத்த பாடத்திலும் 3 என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன்.